வீட்டில் முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்க: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பாட்டி செம்பவாங்கில் கம்பத்து (கிராமத்து) வீட்டில் இருந்த காலத்தில் கோழி வளர்க்க யாரும் யாரையும் கேட்டதில்லை. கோழி அடைக்கு உட்கார்ந்தால் பழைய பிஸ்கட் டின்னில் மணலைப் பரப்பி, முட்டையை அடுக்கி, கோழியை மேலே தூக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாராம். நான் இருப்பது அடுக்குமாடி புளோக்கில். குஞ்சு பொரிப்பதெல்லாம் சிலேத்தார் பக்கம் அக்கா வீட்டில், மாமா கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில். இதுவரை 11 அடை வைத்திருக்கிறோம். முதல் இரண்டும் பெரும் நஷ்டம். அதன் பிறகு தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கேட்ட கேள்விகளைச் சேர்த்து, பதிலோடு எழுதி வைக்கிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இன்குபேட்டர் (முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் கருவி) வைத்துப் பொரிக்கலாமா?

வேண்டாம். வீவக வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. “முட்டைதானே வைத்திருக்கிறேன், கோழி இல்லையே” என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். 21 நாள் கழித்து அந்த வாதம் கீச்சுக் கீச்சென்று கத்தும்.

தரைவீட்டில் (அடுக்குமாடி அல்லாத, நிலத்தோடு உள்ள வீடு), விற்பனைக்கு இல்லாமல் சொந்த விருப்பத்துக்கு வளர்ப்பதென்றால், 10 கோழிகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிப்பறவைகள் உள்ளே வர முடியாத வலைக்கூண்டில்தான் வைக்க வேண்டும். பறவைக் காய்ச்சல்தான் காரணம். காக்காயும் மைனாவும் கோழித் தீனியில் வாய்வைக்கும் ஏற்பாடு கூடாது. இந்த விதிகளைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகம். முட்டை வைப்பதற்கு முன்பே அவர்கள் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இந்த 10 என்ற எண்ணை மறக்காதீர்கள். கூண்டில் ஏற்கெனவே 5 கோழி இருந்தால், இன்னும் 5-க்குத்தான் இடம். இன்குபேட்டரில் 12 குழி இருக்கிறதே என்று 12 முட்டையும் அடுக்கிவிட்டு, பிறகு யார் தலையில் கட்டலாம் என்று தேடுகிறவர்கள் நிறைய.

பொரிப்பதில் பாதி சேவலாக இருந்தால்?

“இருந்தால்” இல்லை, இருக்கும். சராசரியாகப் பாதிக்குப் பாதி. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் முட்டையே வைக்காதீர்கள்.

சேவல் விடியும்வரை காத்திருந்து கூவும் என்று நினைக்கிறோம். அதிகாலை 4 மணிக்கே தொடங்கிவிடும். தெருவிளக்கைப் பார்த்தும் கூவும், எதிர்வீட்டு மோட்டார் சைக்கிளுக்கும் கூவும். முருகன் கொடியில் இருக்கும்வரைதான் அது அமைதி. 2017 தொடக்கத்தில் சின் மிங் அவென்யூவில் சுற்றித்திரிந்த 24 கோழிகளை அதிகாரிகள் கொன்றது, அங்கிருந்தவர்கள் சத்தம் தாங்காமல் புகார் கொடுத்த பிறகுதான். அது பெரிய சர்ச்சை ஆயிற்று, எத்தனையோ பேர் கோழிகளுக்காகப் பேசினார்கள். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கம் என்று வந்துவிட்டால் உங்கள் சேவல் தோற்றுவிடும்.

ஆண், பெண் எதுவென்று முட்டையிலேயே கண்டுபிடிக்க வழி கேட்பார்கள். கூர்முனை முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பது பழைய பேச்சு. நூலில் ஊசி கட்டி ஆட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். வெப்பத்தைக் கூட்டிக் குறைத்தால் பெட்டையாகப் பொரிக்கலாம் என்பதும் தவறு. சில ஆமைகளுக்கு அது உண்டு, கோழிக்குக் கிடையாது. பறவைகளில் ஆணா பெண்ணா என்பது தாயிடமிருந்து வரும் குரோமோசோமைப் பொறுத்தது. முட்டை இடப்படும் முன்பே அது முடிவாகிவிடும்.

எங்கள் வழி இது: வளர்ந்த சேவலை வாங்கிக்கொள்ள ஒருவர் வாயால் சம்மதித்த பிறகுதான் இன்குபேட்டரை எடுப்போம். ஆள் கிடைக்காத வருடம் அடை கிடையாது. பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வளர்த்த பிராணியைக் கைவிடுவது இங்கே குற்றம். அந்தச் சேவலும் இரண்டு நாள் தாங்காது.

கடையில் வாங்கும் முட்டை பொரிக்குமா?

பொரிக்காது. முட்டைப் பண்ணைகளில் சேவல் கிடையாது. சேவல் சேராத பெட்டையும் முட்டையிடும், அதில் கரு இருக்காது. ஈரச்சந்தையில் ‘கம்போங் முட்டை’ என்று எழுதியிருந்தாலும் அது பொரிக்கும் முட்டை என்று பொருளில்லை. அப்படியே கரு இருந்தாலும் எத்தனை நாள் குளிரில் கிடந்ததோ, எத்தனை லாரி குலுக்கியதோ.

உங்களுக்குத் தேவை சேவலும் பெட்டையும் சேர்ந்து இருக்கும் கூண்டிலிருந்து வரும் முட்டை. தரைவீட்டில் கோழி வளர்க்கும் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் பெரும்பாலான முட்டையில் கரு இருக்கும்.

ஜோகூர் போகும்போது நாட்டுக்கோழி முட்டை வாங்கி வரலாமா?

பொரிப்பதற்கான முட்டையை இறக்குமதி உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. சோதனைச் சாவடியில் மாட்டினால் முட்டையும் போகும், மானமும் போகும்.

புதரில் காட்டுக்கோழி முட்டை கிடந்தது, எடுத்து வைக்கவா?

தொடாதீர்கள். புலாவ் உபின் தீவிலும் மேற்குக் காட்டுப் பகுதிகளிலும் திரியும் சிவப்புக் காட்டுக்கோழிதான் உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை. சாம்பல் நிறக் கால், காதருகே வெள்ளைத் திட்டு, சேவலுக்கு வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை ரோமம் என்று அடையாளம் சொல்வார்கள். வனவிலங்குச் சட்டப்படி அதையோ அதன் முட்டையையோ எடுக்கக் கூடாது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். நீங்கள் நகர்ந்தால் திரும்பி வந்து உட்காரும்.

முட்டையை எத்தனை நாள் சேர்த்து வைக்கலாம்?

வெளிநாட்டுக் குறிப்புகளில் “அறை வெப்பத்தில் ஒரு வாரம்” என்று இருக்கும். அந்த அறை நம் அறை இல்லை. கரு தூங்கிக் கிடக்க வேண்டுமென்றால் 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 15 முதல் 18 டிகிரி நல்லது. நம் வீட்டுக்குள் 29, 30 டிகிரி. அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். வளரவும் முடியாமல், தூங்கவும் முடியாமல், நாளாக ஆகப் பலவீனமாகிச் செத்துவிடும். ஏழாம் நாள் விளக்கில் பார்க்கும்போது கரு இல்லாத முட்டை போலவே தெரியும். சேவலைத் திட்டுவோம். பாவம், அது தன் வேலையைச் செய்திருக்கும்.

எங்கள் இரண்டாவது அடை போனது இப்படித்தான். பெட்டை தினம் ஒன்று இட, நான் சமையல்கட்டுக் கூடையில் 8 நாள் சேர்த்தேன்.

இப்போது வைன் வைக்கும் சிறிய குளிர்பெட்டியை 16 டிகிரியில் வைத்து அதில் சேர்க்கிறோம். அது இல்லாதவர்கள் முட்டை வந்த அன்றோ மறுநாளோ இன்குபேட்டரில் வைத்துவிடுங்கள். சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரி அதிகக் குளிர். வேறு வழியே இல்லையென்றால் அதன் கதவுப்பக்கம் ஓரிரு நாள் வைக்கலாம், ஆனால் பொரிப்பது குறையும்.

இன்னொன்று. குளிரிலிருந்து எடுத்த முட்டையை நம் ஊர்க் காற்றில் வைத்தால் நொடியில் வியர்க்கும். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கும்போது என்ன ஆகும், அதேதான். முட்டையின் ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அந்த ஈரத்தோடு கிருமியும் உள்ளே போகும். மூடிய பிளாஸ்டிக் டப்பாவோடு வெளியே எடுத்து, நாலைந்து மணி நேரம் அப்படியே விட்டு, சூடு சமமான பிறகு திறவுங்கள். வியர்வை டப்பாவுக்கு, முட்டைக்கு அல்ல. அழுக்கு முட்டையைக் கழுவவும் கூடாது. கழுவினால் மேலே உள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். அதை ஒதுக்கிவிட்டு வேறு முட்டை எடுங்கள்.

எந்த இன்குபேட்டர் வாங்கலாம்?

உள்ளே விசிறி இருப்பதை வாங்குங்கள். விசிறி இல்லாததில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு இருக்கும். 10, 12 முட்டை கொள்ளும் சிறியது போதும். முட்டையைத் தானே திருப்பும் வசதி இருந்தால், வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்லது. மூன்று முள் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். 21 நாள் இரவு பகலாக ஓடும் பொருளை ஆட்டம் காணும் அடாப்டரில் செருகி வைப்பது நல்லதல்ல.

மின்கட்டணம் பற்றிப் பயம் வேண்டாம். 40 வாட் கருவி 21 நாள் ஓயாமல் இழுத்தாலும் 20 யூனிட் சொச்சம். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் 6 வெள்ளி.

எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?

விசிறி உள்ளதில் 37.5. விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.5 அளவுக்கு.

கருவியின் முகப்பில் ஒளிரும் எண்ணை நம்பாதீர்கள். எங்களுடையது ஒரு டிகிரி கூட்டிக் காட்டியது. முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க வெறுமனே ஓட்டி, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை உள்ளே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி குறைந்தால் குஞ்சு ஒன்றிரண்டு நாள் தாமதமாக வரும். ஒரு டிகிரி கூடினால் சீக்கிரம் வரும், கால் விரல் வளைந்து வரும். 40-ஐத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் எல்லாம் முடிந்தது. குளிரைக் கரு ஓரளவு தாங்கும், சூட்டைத் தாங்காது. மின்சாரம் இரண்டு மணி நேரம் போனால் மூடியைத் திறக்காமல் சும்மா இருங்கள், ஒன்றும் ஆகாது. மேற்கு வெயில் விழும் சன்னலோரம் வைத்தால்தான் ஆபத்து.

தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

அதிகம் பேர் கேட்பதும், அதிகம் பேர் கெடுத்துக்கொள்வதும் இதுதான். என் முதல் அடையும் இதில்தான் போனது.

கருவியோடு வந்த தாளில் இரண்டு தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பச் சொல்லியிருந்தது. நிரப்பினேன். காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானி 70 விழுக்காடு காட்டியது. 12 முட்டையில் 10-இல் கரு இருந்தது, எல்லாம் 18-ஆம் நாள்வரை உயிரோடு ஆடின. பொரித்தது 2. மற்ற எட்டையும் உடைத்துப் பார்த்தபோது முழு வளர்ச்சி அடைந்த குஞ்சு, அலகு நீருக்குள். முட்டைக்குள்ளேயே மூழ்கிப் போயிருந்தன.

நடந்தது என்னவென்றால், முட்டை அடையில் இருக்கும்போது ஓட்டின் துளைகள் வழியே நீர் ஆவியாகி வெளியேற வேண்டும். அந்த இடத்தில் பருத்த முனையில் காற்றறை பெரிதாகும். பொரிப்பதற்கு முந்தின நாள் குஞ்சு அலகால் சவ்வைக் குத்தி, அந்தக் காற்றறையில்தான் முதல் மூச்சை விடும். வெளியே ஈரம் அதிகமாக இருந்தால் நீர் வெளியேறாது, காற்றறை சின்னதாக நின்றுவிடும், மூச்சுவிட இடம் இருக்காது.

அந்தத் தாள் குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதியது. அங்கே காற்றில் ஈரம் கொஞ்சம், அதைச் சூடாக்கினால் இன்னும் வறளும், ஆகவே தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் ஊர்க் கணக்கு வேறு. 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றை அப்படியே 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரம் 45 முதல் 50 விழுக்காட்டுக்கு இறங்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியதும் அதேதான்! ஒரு சொட்டுக்கூட ஊற்ற வேண்டாம்.

ஆனால் ஏர்கான் அறையில் வைத்தால் இந்தக் கணக்கு தலைகீழ். 24 டிகிரியில் 55 விழுக்காடு ஈரமுள்ள காற்றைச் சூடாக்கினால் உள்ளே 25-க்குப் போய்விடும். அப்போது ஒரு சின்னத் தொட்டி தண்ணீர் வேண்டும். இரவில் மட்டும் ஏர்கான் போடும் படுக்கையறைதான் எல்லாவற்றிலும் மோசம், ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சாமான் அறை, நடுக்கூடத்து மூலை என்று ஏர்கான் படாத இடமாகப் பாருங்கள்.

ஈரமானியையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு மூடியில் உப்பு, அது கரையாமல் சேறு போல ஆகும் அளவுக்கு நாலு சொட்டுத் தண்ணீர். அதையும் ஈரமானியையும் ஒரு டப்பாவில் இறுக மூடி ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மானி 5 கூட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட நம்பிக்கையான வழி தராசு. கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் எடைக்கருவி போதும். வைக்கும் நாளில் ஒவ்வொரு முட்டையையும் நிறுத்து, ஓட்டில் பென்சிலால் எழுதுங்கள். 18-ஆம் நாள் வரும்போது 12, 13 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும். 60 கிராம் முட்டை ஏழாம் நாள் 57 கிராம், 18-ஆம் நாள் 52 அல்லது 53 கிராம். குறைவது போதவில்லை என்றால் தண்ணீரை எடுத்துவிடுங்கள். அதிகம் குறைந்தால் கொஞ்சம் ஊற்றுங்கள். தராசுக்கு மாறிய மூன்றாவது அடையில்தான் முதன்முறையாகப் பாதிக்கு மேல் பொரித்தது. அன்று மாமா எல்லாருக்கும் தேக்காவில் பிரியாணி வாங்கிக்கொடுத்தார். (ஆட்டுக்கறி பிரியாணி. கோழி அன்று வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார்.)

கையால் திருப்புவதென்றால் எப்படி?

ஒரு பக்கம் X, மறுபக்கம் O என்று பென்சிலில் போட்டு, நாளுக்கு 3 அல்லது 5 முறை. ஒற்றைப்படை எதற்கென்றால், நீளமான இரவு நேரம் ஒருநாள் ஒரு பக்கமும் மறுநாள் மறுபக்கமும் அமையும். திருப்பாவிட்டால் கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளும். 18-ஆம் நாளோடு நிறுத்திவிடுங்கள்.

கூமுட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

இருட்டறையில் கைத்தொலைபேசி விளக்கின் மேல் காகிதக் குழாயை வைத்து, அதன் மேல் முட்டையின் பருத்த முனையை வையுங்கள். ஏழாம் நாள் உயிருள்ள முட்டையில் நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்புகள் தெரியும். புள்ளி துள்ளுவதைக்கூடப் பார்க்கலாம். ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் கரு இல்லை. நரம்பில்லாமல் சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு செத்துவிட்டது.

பழுப்பு ஓட்டில் சரியாகத் தெரியாது. சந்தேகமானவற்றைப் பத்தாம் நாள் மறுபடி பாருங்கள். செத்ததை உள்ளேயே விட்டால் அழுகி, வாயு சேர்ந்து, ஒருநாள் வெடிக்கும். வெடித்தால் என்ன வாசம் என்று எங்கள் சாமான் அறைக்குத் தெரியும். அங்கிருந்த தீபாவளி விளக்குப் பெட்டியை அந்த வருடம் யாரும் தொடவில்லை.

இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்கிறார்களே?

பாட்டியும் அதை நம்பினார். அடையில் ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, காய்ந்த மிளகாய் மூன்றையும் வைத்துவிடுவாராம். சிங்கப்பூரில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் எங்காவது இடி இடிக்கிறது. அது முட்டையைக் கெடுக்குமென்றால் இந்தத் தீவில் ஒரு குஞ்சும் பொரித்திருக்காது. மிளகாய் வைப்பதில் தீங்கில்லை, விசிறியில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி மூன்று நாள் என்ன செய்வது?

18-ஆம் நாள் கடைசியாக விளக்கில் பாருங்கள். முட்டை ஏறக்குறைய முழுக்க இருண்டு, மேலே மூன்றில் ஒரு பங்கு காற்றறை தெரியும். திருப்பும் தட்டை எடுத்துவிட்டு, வழுக்காத துணியோ ரப்பர் விரிப்போ போட்டு, முட்டைகளைப் படுக்க வையுங்கள். இப்போதுதான் தண்ணீர், ஈரத்தை 65 முதல் 70-க்கு ஏற்றுங்கள். மூடியபின் திறக்காதீர்கள். ஓட்டில் ஓட்டை விழுந்த நேரத்தில் வறண்ட காற்று பட்டால் சவ்வு காய்ந்து குஞ்சைப் போர்வை போலச் சுற்றி இறுக்கிவிடும்.

ஓட்டை போட்டு 10 மணி நேரம் ஆகிறது, வெளியே வரவில்லை. உரித்துவிடவா?

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். முதல் ஓட்டைக்கும் வெளியே வருவதற்கும் இடையில் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அது சும்மா இருப்பதுபோல் தெரியும். உள்ளே சவ்வின் இரத்தக் குழாய்களிலிருந்து இரத்தத்தை உடம்புக்கு இழுத்துக்கொண்டு, மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் எடுத்துக்கொண்டிருக்கும். அப்போது உரித்தால் இரத்தம் கொட்டிச் சாகும்.

24 மணி நேரம் தாண்டி, குரல் தேய்ந்து, சவ்வு பழுப்பாகக் காய்ந்திருந்தால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வைத் தொட்டு, முட்டை ஓட்டை மட்டும் கொஞ்சம் பெயர்க்கலாம். சிவப்புத் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். நான் உதவியவை 4. பிழைத்தது 1.

எறும்பு?

இதைப் பலர் கேட்பதே இல்லை, கேட்க வேண்டும். ஈரக்குஞ்சின் வாசத்துக்கு எறும்பு வரிசை கட்டி வரும். ஓட்டை வழியே உள்ளே நுழைந்து குஞ்சைக் கடித்துக் கொன்றுவிடும். இன்குபேட்டரை ஒரு சின்ன மேசையில் வைத்து, மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். இல்லையென்றால் கோழிக்குஞ்சுக்குப் பதில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பொரிக்கும், தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டுவார்.

குஞ்சு வந்துவிட்டது. உடனே தீனி போட வேண்டுமா?

அவசரமில்லை. வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். இன்குபேட்டருக்குள்ளேயே ரோமம் காய்ந்து பஞ்சு போல ஆகட்டும். மற்ற முட்டைகள் பொரிந்துகொண்டிருந்தால் ஒரு நாள்கூட உள்ளேயே இருக்கலாம். ஒன்றின் கீச்சுக் குரல் கேட்டு மற்றவை சுறுசுறுப்பாகும்.

பிறகு ஓர் அட்டைப் பெட்டி, ஒரு மூலையில் விளக்கு. முதல் வாரம் விளக்கடியில் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். நம் ஊரில் மூன்றாம் வாரம் பகலில் விளக்கே வேண்டாம், மழை இரவில் மட்டும் போடுங்கள். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்து மூச்சிரைத்தால் சூடு.

பெட்டியில் செய்தித்தாள் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் அகன்றுவிடும். அகன்ற காலை முதல் இரண்டு நாளில் பிளாஸ்டரால் தளர்வாகச் சேர்த்துக் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள். குஞ்சு தூக்கக் கலக்கத்தில் விழுந்து மூழ்கும். பாட்டி காலத்து நொய்யரிசி மட்டும் போதாது. அப்போது குஞ்சு தாயோடு போய்ப் பூச்சி, கறையான் தின்றது. பெட்டியில் வளரும் குஞ்சுக்கு 20 விழுக்காடு புரதமுள்ள குஞ்சுத் தீனி வேண்டும். ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா என்று முதல் வாரம் தினமும் பாருங்கள். இருந்தால் வெந்நீர்ப் பஞ்சால் துடையுங்கள். விட்டுவிட்டால் அடைத்துக்கொண்டு செத்துவிடும்.

வெளிக்கூண்டுக்கு மாற்றும்போது வலையின் கண் அளவைப் பாருங்கள். சாக்கடை வழியே வரும் மலைப்பாம்பு நம் ஊரில் அபூர்வம் இல்லை. பெரிய கோழிக்குப் போட்ட வலையில் குட்டிப் பாம்பு நுழையும்.

இன்குபேட்டர் நல்லதா, அடைக்கோழி நல்லதா?

அடைக்கோழிதான், சந்தேகமே இல்லை. வெப்பம், ஈரம், திருப்புதல், வளர்த்தல் எல்லாம் அதன் பொறுப்பு. நமக்கு 6 வெள்ளி மிச்சம். ஆனால் நமக்கு வேண்டும்போது அது உட்காராது. உட்கார்ந்தால், இரண்டு நாள் பொய்முட்டை வைத்துச் சோதித்து, இரவில் உண்மை முட்டையை மாற்றி வையுங்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். முதல் அடை உட்கார்ந்த இளங்கோழி ஒன்று, இடம் போதாத பெட்டியில், எங்கள் கண்ணெதிரே இரண்டை மிதித்தே கொன்றது. பழமொழி சொன்னவர் அதற்குப் பெரிய கூடை வைத்திருப்பார்.

பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

ஜூன் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை முட்டை வைத்தால், நான்காம் சனிக்கிழமை வாக்கில் பொரிக்கும், பள்ளி திறக்கும் முன்பே பார்த்துவிடலாம். குஞ்சைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது. பார்க்கச் சுத்தமாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பார்க்க மட்டும் செய்யட்டும். எல்லா முட்டையும் பொரிக்காது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கருவுள்ள 10-இல் 7 பொரித்தால் அது நல்ல அடை.

23 நாள் ஆகியும் பொரிக்காத முட்டையை என்ன செய்வது?

காதருகே வைத்துக் கேளுங்கள். விளக்கில் பாருங்கள். அசைவும் இல்லை, சத்தமும் இல்லையென்றால் வெளியே எடுத்துவிடலாம்.

பலர் அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவார்கள். நான் தோட்டத்தில், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவேன். முதல் வாரமே செத்திருந்தால் சேர்த்து வைத்ததில் பிழை, அல்லது தொடக்கத்தில் சூடு கூடிவிட்டது. முழுக்குஞ்சு ஈரத்தில் ஊறிக் கிடந்தால் தண்ணீர் அதிகம். சவ்வு உடம்போடு ஒட்டிக் காய்ந்திருந்தால் தண்ணீர் குறைவு, அல்லது யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள். தலை கூர்முனைப் பக்கம் இருந்தால், முட்டையைத் தலைகீழாக, கூர்முனை மேலே இருக்கும்படி வைத்தது பெரும்பாலும் நாம்தான். பத்தாவது அடையில் மூன்று முட்டையில் சவ்வு அப்படி ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்தது யாரென்று கேட்டேன். மாமா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.